ஏரிமேல் இறக்கி வைத்த பலகைகள்

“பனி நல்லா இறுகிப்போச்சு” என்றுதான் ராவ்னா தொடங்கினாள். அந்தப் பேச்சை இங்கா இன்றும் வரி பிசகாமல் சொல்வாள். மார்ச் மாதம், ஹெய்கா மாமாவின் சமையலறை. இங்காவின் சித்தி ராவ்னா காபிக் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த தம்பியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

“ஆமாக்கா, இறுகிப்போச்சு” என்றார் ஹெய்கா.

“ஏரிக்கு அந்தப் பக்கத்து மேட்டுல மட்டும் இன்னும் பொதபொதன்னு கெடக்காம்.”

“அங்க எப்பவும் அப்படித்தான். வெயிலே படாத இடம்.”

ஹெய்கா அந்த ஊர் வழக்கப்படி உலர்ந்த மான் இறைச்சியைக் கத்தியால் சீவி அக்காவின் காபிக்குள் போட்டார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

“நீளப் பலகைய வச்சுக்கிட்டு அந்த மேட்டுல ஏறுறது கஷ்டம்னு சொல்றாங்க.”

“கஷ்டந்தான். முன்னால ஒரு வண்டி இழுக்கணும், பின்னால ஆள் தள்ளணும்.”

“உன் புதுப் பனி ஸ்கூட்டர் எப்படி இழுக்குது?”

“வீட்டையே கட்டி விட்டாலும் இழுக்கும்க்கா.”

“சனிக்கிழமை வானம் தெளிவா இருக்கும்னு ரேடியோவுல சொன்னான்.”

“நானும் கேட்டேன்.”

“அப்ப சரி” என்று ராவ்னா எழுந்துவிட்டாள். ஹெய்காவின் மனைவி ஸிக்காவிடம் காபி நன்றாக இருந்தது என்று சொன்னாள். காலணியை மாட்டினாள். அவ்வளவுதான்.

காரில் ஏறியதும் இங்காவால் பொறுக்க முடியவில்லை. “சித்தி, மாமாவக் கூப்பிடத்தானே வந்தோம்? கேக்கவே இல்லையே!”

“இதுக்கு மேல எப்படிடி கேக்கறது? கால்ல விழணுமா? மேடு, பலகை, வண்டி, சனிக்கிழமை, எல்லாத்தையும் சொல்லியாச்சு.”

“அவர் வரேன்னு சொல்லலையே.”

“வரமாட்டேன்னும் சொல்லலையே” என்று சொல்லிவிட்டு ராவ்னா வண்டியைக் கிளப்பினாள்.

நார்வேயின் வடகோடியில் இருக்கும் அந்த ஊரில் யாரும் யாரிடமும் உதவியை வாய்விட்டுக் கேட்பதில்லை. வந்து உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பேசுவார்கள். எதிரே இருப்பவர் புரிந்துகொண்டு “நான் வரேன்” என்று தானாகச் சொல்ல வேண்டும். கைபேசி எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் முகத்தைக்கூடக் காட்டாமல் கைபேசியில் கேட்பது அதைவிடக் கேவலம். பெரும்பாலும் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கும். ராவ்னாவின் விஷயத்தில் மட்டும் அடிக்கடி முறிந்துவிடும். ஊரே பாதி சொல்லி நிறுத்தும் இடத்தில் அவள் கால்வாசியிலேயே நிறுத்திவிடுவாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த அக்கா வீட்டில், அதாவது இங்காவின் வீட்டில், உப்பில்லாத சூப்பைக் கிண்ணம் காலியாகும்வரை குடித்தவள். உப்புப் புட்டி மேசையின் அந்தப் பக்கம் இருந்தது; அதை நகர்த்தச் சொல்லி அவள் கேட்கவில்லை. ஒருமுறை அவளுடைய கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மூக்கு விறைத்துப்போகும் குளிரில் நின்றுகொண்டிருந்தவளிடம் அந்த வழியே வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, “என்ன ராவ்னா?” என்று கேட்டாராம். “சும்மா காத்து வாங்கறேன்” என்றாளாம். அவரும் சரியென்று போய்விட்டார். ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் திருந்தமாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ரோவ்வே ஏரிக்கரையில் தனக்கென்று ஒரு மரக்குடில்.

அந்த ஏரியில் அப்பா காலத்துக் குடில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கடைசிப் பிள்ளைக்கே வீடு என்பது அங்குள்ள வழக்கம். அதன்படி அது ஹெய்காவுக்குப் போனது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ராவ்னாவும் எப்போது வேண்டுமானாலும் அங்கே போகலாம், மீன் பிடிக்கலாம், தங்கலாம். ஆனால் அவள் உள்ளே நுழைந்ததும் ஸிக்கா, “வாங்க வாங்க, உக்காருங்க” என்பாள். நல்ல மனதோடுதான் சொல்வாள். தான் பிறந்ததிலிருந்து நடந்து தேய்ந்த தரையில் நின்றுகொண்டு அந்த “வாங்க”வைக் கேட்கும்போதெல்லாம் ராவ்னாவின் முகம் சுருங்குவதை இங்கா பார்த்திருக்கிறாள். கதவை ஒட்டிய பலகையில்தான் உட்காருவாள். விருந்தாளிகள் உட்காரும் இடம் அது. அடுப்பில் விறகு குறைந்தால்கூட எழுந்து போடமாட்டாள்.

ஏரியின் எதிர்க்கரை மேட்டில் இடம் கேட்டு விண்ணப்பித்து, பல வருடம் காத்திருந்து அனுமதி வாங்கினாள். அதில் ஒரு நிபந்தனை. வருகிற இலையுதிர் காலத்துக்குள் சுவரும் கூரையும் நிற்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி போய்விடும். கோடையில் அங்கே எதையும் கொண்டுபோக முடியாது. வழி முழுக்கச் சதுப்பு. ஆளே இடுப்புவரை இறங்கும். கனமான சாமான்கள் எல்லாம் குளிர்காலத்தில், உறைந்த ஏரியின்மேல், பனி ஸ்கூட்டரில் கட்டிய சறுக்குவண்டியில்தான் போக வேண்டும். மே மாதம் பிறந்து சில நாட்களில் வண்டி ஓட்டுவதற்கும் தடை வந்துவிடும். ஆக, பலகைகள் இந்தக் குளிர்காலத்திலேயே மேடு ஏறினால் குடில் உண்டு. இல்லையென்றால் ஆயுள் முழுக்கக் கதவோரப் பலகைதான்.

சனிக்கிழமை ரேடியோ சொன்னபடியே வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ராவ்னாவின் பழைய மஞ்சள் ஸ்கூட்டர் முன்னால். இங்கா தன் அப்பாவின் சின்ன வண்டியில் பின்னால். ஏரிக்குப் போகும் தடம் ஹெய்கா வீட்டு முற்றத்தை ஒட்டித்தான் போகிறது. அங்கே புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. அவருடைய புது ஸ்கூட்டர் உறை நீக்கி, சறுக்குவண்டி பூட்டி வாசலில் நின்றது. ராவ்னா நிற்பாள் என்று இங்கா நினைத்தாள். அந்த இடம் வந்ததும் ராவ்னா இன்னும் கொஞ்சம் முடுக்கி, நேராக முன்னால் பார்த்தபடி போய்விட்டாள்.

ஜன்னல்களும், குளிர் தடுக்கச் சுவருக்குள் வைக்கும் பஞ்சுப் பொதிகளும் சிரமமில்லாமல் மேலே போயின. இரண்டாவது நடையில் இரும்பு அடுப்பும் போனது. மூன்றாவது நடையில் பலகைகள் வந்தபோதுதான் மேடு தன் குணத்தைக் காட்டியது. பாதி ஏறுவதற்குள் மஞ்சள் ஸ்கூட்டர் பனிக்குள் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மண்வாரியால் அள்ளி அதை வெளியே எடுத்தார்கள். பத்தடி போய் மறுபடி உட்கார்ந்தது. மறுபடி அள்ளினார்கள். சறுக்குவண்டி பக்கவாட்டில் சரிந்து, பலகைகள் கொத்தாக வழிந்து பனியில் குத்திக்கொண்டு நின்றன. இங்காவின் கையுறைக்குள் வியர்வை. வெளியே அதுவே ஓடுபோல் உறைந்திருந்தது.

அந்த நேரத்தில் லெம்மெத் வந்தார். மான் மந்தை வைத்திருப்பவர். மந்தையைப் பார்க்கப் போகிற வழி. ஸ்கூட்டரை நிறுத்தி, பனியில் செங்குத்தாக நின்ற பலகைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“காட்ட வெட்டுறவங்களப் பாத்திருக்கேன் ராவ்னா. திரும்பக் கொண்டுவந்து நடுறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“மொளைக்குதான்னு பாக்கறேன். நீ போயி உன் மானுங்களத் தேடு. பாதி பக்கத்து மந்தையில மேயுதுன்னு ஊரெல்லாம் பேச்சு.”

லெம்மெத் சிரித்துக்கொண்டே இருக்கைக்கு அடியிலிருந்து கயிற்றுச் சுருளை வெளியே எடுத்தார். இங்காவுக்கு உயிர் வந்தது. கயிற்றைப் பிரித்துக்கொண்டே அவர் கேட்டார், “ஏன், ஹெய்கா வரலையா?”

“வருவான்” என்றாள் ராவ்னா.

“வரானா? அப்பச் சரி. அவன் வண்டி ஒண்ணே போதும். நடுவுல நான் எதுக்கு இடைஞ்சலா?” பிரித்த கயிற்றை லெம்மெத் அழகாகச் சுற்றி, மறுபடி இருக்கைக்கு அடியில் வைத்தார். காபி குடித்துவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை இங்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். “சித்தி, அவர் கயித்தக் கையில எடுத்துட்டாரு!”

“பாத்தேன்.”

“வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே!”

“கேட்டான். பதில் சொன்னேன். பொய்யா சொன்னேன்? ஹெய்கா வருவான்.”

ஹெய்கா வரவில்லை. வெயில் சாயத் தொடங்கியதும் ராவ்னா மேட்டை நிமிர்ந்து பார்த்தாள்; பிறகு பின்னால் ஏரியைப் பார்த்தாள். “இதக் கீழ எடுத்துட்டுப் போயி இறக்கிடலாம். மிச்ச நடையும் கொண்டாந்து அங்கயே அடுக்கிடுவோம்.”

“கீழன்னா? ஐஸ் மேலயா?”

“ஒரு ராத்திரிக்குத்தானே. நாளைக்கு அவன் வந்துடுவான்.”

“பாரம் தாங்காது சித்தி.”

“மீட்டர் கனத்துக்கு ஐஸ். லாரியே போகும்.”

“போகும். நிக்காது” என்றாள் இங்கா.

அது ராவ்னாவுக்குத் தெரியாததல்ல. அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஏரிமேல் பாரம் ஓடலாம். ஓரிடத்தில் தங்கக் கூடாது. தங்கினால் பனிக்கட்டி மெதுவாகக் கீழே வளையும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே வரும், வந்த தண்ணீர் பாரத்தோடு சேர்ந்து உறையும். ஆனால் தெரிந்தவளுக்குத் தம்பிமேல் நம்பிக்கை இருந்தது, அதனால் இறக்கினாள். தரைக்கான கனத்த பலகைகளை அடியிலும் சுவர்ப் பலகைகளை மேலேயும் அடுக்கி, படுதாவால் மூடிக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை புயல். திங்கள், செவ்வாய் எல்லாம் கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் பனி. பிறகு வேலை நாட்கள். அடுத்த சனிக்கிழமைதான் போக முடிந்தது. அப்போதும் ஹெய்காவின் வாசலைத் தாண்டும்போது ராவ்னா முன்னால் மட்டுமே பார்த்தாள்.

ஏரியில் பலகைக் குவியலைக் காணோம். ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அதைத் தோண்டினால் மேல் வரிசைகள் மட்டும் வந்தன. அதற்குக் கீழே எல்லாம் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் பனிக்கட்டிக்குள் இருந்தன. ஒவ்வொரு பலகையின் நரம்பும் தெளிவாகத் தெரிந்தது. கை மட்டும் போகாது.

கடப்பாரையால் இடித்தார்கள். கோடரியால் கொத்தினார்கள். மத்தியானம்வரை இடித்ததில் நான்கு பலகைகள் வந்தன. அதில் இரண்டு பிளந்து வந்தன. பிளந்ததை ராவ்னா தனியாக வைத்துப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால், ஒரு கெட்ட வார்த்தையாவது உதிர்த்திருந்தால், இங்காவுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

திரும்பும்போது இங்கா தன் வண்டியை மாமா வாசலில் நிறுத்திவிட்டாள். ராவ்னா கவனிக்காமல் போய்விட்டாள். ஹெய்கா வலை பின்னிக்கொண்டிருந்தார். இங்கா உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றாள். அங்கே அதுவே ஓர் அடி அடிப்பதற்குச் சமம்.

“மாமா, ஏன் நீங்க வரல?”

ஹெய்கா வலையைக் கீழே வைத்தார். “எங்க வர?”

“எங்கயா? சித்தி வந்து மேடு, பலகை, உங்க வண்டின்னு அத்தனையும் சொல்லிட்டுப் போனாங்களே!”

“சொன்னா. புரியாமயா இருக்கும்? சனிக்கிழமை காலைல எண்ணெய் ஊத்தி, சறுக்குவண்டியப் பூட்டி, சட்டைய மாட்டிக்கிட்டு இந்த ஜன்னல்லதான் நின்னேன். ஸிக்கா காபி போட்டு வச்சிருந்தா. அக்கா வந்து ஒரு வாய் குடிச்சுட்டுக் கெளம்பினா, கூடவே கெளம்பிருப்பேன். அவ நிக்கவே இல்ல. வேகத்தக் கூட்டிட்டுப் போனா. நீயும் பின்னாலதானே போன?”

இங்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள்; ஏரித் தடம் அங்கிருந்து நேராகத் தெரிந்தது.

“வேற ஆள் கெடைச்சிருச்சு போலன்னு நெனச்சேன். இல்ல, நான் வேணாம்னு முடிவு பண்ணிட்டான்னு நெனச்சேன். பெரியவ அவ. கூப்பிடாம நானா போய் நின்னா, ‘உன்னால முடியாது, தள்ளு’ன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?”

“ஏற்கெனவே நாலு விதமா சொல்லியாச்சு, நின்னா அஞ்சாவது தடவ கேக்கற மாதிரி ஆயிடும்னுதான் அவங்க நிக்கல மாமா!”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“பலகையெல்லாம் ஐஸுக்குள்ள கெடக்கு.”

ஹெய்கா வலையை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், “அக்கா கூப்பிட்டா சாப்பாட்டுல கை வச்சிருந்தாலும் எழுந்து வருவேன். ஆனா அவ கூப்பிடணும் இங்கா. நீ சண்டை போட்டதுக்காக நான் வந்தேன்னு தெரிஞ்சா, என்ன மேட்டுல ஏறவே விடமாட்டா.”

அவர் சொன்னது சரிதான் என்பது மறுநாளே தெரிந்தது. மாமாவிடம் பேசியதை இங்கா சொன்னதும் ராவ்னாவின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

“உன்ன யாருடி கேக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. அவர் ரெடியா நின்னாரு சித்தி. நீ ஒரு நிமிஷம் வண்டிய நிறுத்தியிருந்தா…”

“உன்ன யாரு கேக்கச் சொன்னா? இப்ப அவன் வந்தா, அக்காவுக்குப் பிச்சை போட வந்த மாதிரி. வரலேன்னா, கேட்டும் வராத மாதிரி. ரெண்டு பக்கமும் அடைச்சுட்டு வந்திருக்க.”

அதற்குப்பிறகு ஏப்ரல் முழுக்க இருவரும் மட்டும் போனார்கள். விடியற்காலையில் மேல்பனி ஓடுபோல் கெட்டியாக இருக்கும். அந்த ஒரு சில மணி நேரத்துக்குள் இடித்து, எடுத்து, இரண்டிரண்டு பலகையாக மேட்டில் ஏற்ற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கால் தொடைவரை இறங்கும். சுவர்ப் பலகைகள் ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தன. இங்காவுக்குத் தோள் கழன்று தனியே தொங்குவதுபோல் இருந்தது.

ஒரு நாள் காலையில் பார்த்தால், ஏரிவரை தடம் முழுக்க யாரோ வண்டி ஓட்டி, தார்ச்சாலை மாதிரி அழுத்திவிட்டிருந்தார்கள். அகலமான, புது ஸ்கூட்டர் ஒன்றின் பட்டை அச்சு. அது இந்தக் கரைவரை வந்து, அங்கேயே ஒரு வட்டம் அடித்துத் திரும்பியிருந்தது.

“யாரோ பாதைய நல்லாப் போட்டுவிட்டிருக்காங்க” என்றாள் ராவ்னா.

“யாரோவா?” என்றாள் இங்கா.

வட்டம் திரும்பிய இடத்தில் ராவ்னா தன் வண்டியை ஒரு கணம் நிறுத்தினாள்; பிறகு கிளம்பினாள். இங்காவுக்கு இருவர் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று முட்டலாம்போல் இருந்தது.

கடைசி வாரக்கடைசியும் வந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் வண்டித் தடை. தெற்கிலிருந்து சூடான காற்று. ஏரிமேல் அங்கங்கே தண்ணீர் குட்டையாக நின்றது. கரையோரத்தில் பனிக்கட்டி கறுத்துவிட்டது. தரைப் பலகைகளைச் சுற்றியிருந்த கட்டி ஒருவழியாக இளகிக்கொடுத்தது. பெரிய பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன, தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு கனத்தோடு. ஒன்றைத் தூக்க இருவர் வேண்டும். தூக்கிக்கொண்டு அந்தக் கூழ்ப்பனி மேட்டில் ஏற நான்கு பேர் வேண்டும். இப்போது ஏற்றாவிட்டால் ஏரி உடையும்போது பலகைகளும் சேர்ந்து போகும். தரையில்லாமல் சுவரை எதன்மேல் நிறுத்துவது?

மூன்றாவது பலகையோடு மேட்டின் பாதியில் இங்கா வழுக்கி விழுந்தாள். பலகை அவள் காலுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பனியைக் கிழித்துக்கொண்டு கீழே போய், புறப்பட்ட இடத்திலேயே நின்றது. இங்கா எழுந்திருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியால் அல்ல.

ராவ்னா கீழே இறங்கிப் போய்ப் பலகைக் குவியலின்மேல் உட்கார்ந்தாள். குடுவையைத் திறந்து காபி ஊற்றினாள். முதல் கோப்பையை, வழக்கத்துக்கு மாறாக, இங்காவிடம் நீட்டினாள். அதில் இறைச்சியும் சீவிப்போட்டாள். எதிர்க்கரையில் ஹெய்காவின் குடிலைப் பார்த்தபடி இருந்தாள்.

“தெற்குக் காத்து” என்றாள்.

இங்கா பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று சொன்னால் அடுத்தது பனியைப் பற்றி வரும். அதற்கு அடுத்தது வானம் வரும். இந்த முறை எதையும் புரிந்துகொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள். காபியை மட்டும் குடித்தாள்.

“செவ்வாய்க்கிழமைவரைகூடத் தாங்காது.”

இங்கா கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராவ்னா நனைந்த கையுறையைக் கழற்றினாள், பிழிந்தாள், மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். நாற்பத்தேழு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததை வெளியே எடுப்பவள்போல் இரண்டு முறை செருமினாள்.

“இங்கா, நீ போயி ஹெய்காவக் கூட்டிட்டு வா. உன்ன யாரு கேக்கச் சொன்னான்னு கேட்டா, நான்தான் கேக்கச் சொன்னேன்னு சொல்லு.”